கம்ப்யூட்டர் டேபிளில் ஒரு செடி: வெயில் படாமல் எப்படி உயிர் வாழ்கிறது?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகளில் காரியங்கள் அநேகமாக ஒரே வரிசையில்தான் நடக்கின்றன. முதல் நாள் மானிட்டருக்கும் கேபினெட்டுக்கும் சந்தனப் பொட்டு. இரண்டாம் நாள் மவுஸ் பேட், ஸ்பைக் பஸ்டர். அடுத்த வாரம் டேபிளின் ஓரத்தில் ஒரு கண்ணாடிப் பாட்டில், அதில் ஒரு மணி பிளான்ட். "இதற்கு வெயிலே வேண்டாம், அறைக்குள்ளேயே வளரும்" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது இருந்தால் நல்லது என்று நாமும் வைத்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் வைத்தேன். ஏழே மாதத்தில் அந்தச் செடி சாகக் கிடந்தது. ஏன் என்று தேடப் போனபோது பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு மறந்த ஒளிச்சேர்க்கையை முதலில் இருந்து புரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் டேபிளில் இருக்கும் செடிக்குப் போதுமான வெளிச்சம் கிடைக்கிறதா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு உங்கள் மொபைல் போனும் கம்ப்யூட்டரும் போதும்.

அம்மா கொடுத்த கொடி

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் ஒரு மணி பிளான்ட் கொடி இருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருந்தது. 2023 ஜூனில் நான் சென்னையில் தனி வீடு எடுத்துப் புதிய கம்ப்யூட்டர் வாங்கியபோது, அம்மா அதில் ஒரு துண்டை வெட்டி, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினார். அந்த வருடம் அக்டோபரில் பழைய வீட்டை இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். சுவரோடு கொடியும் போயிற்று. "அதனால என்னப்பா, உன்கிட்ட ஒண்ணு இருக்குல்ல. ஆவணியில பால் காய்ச்சுறப்ப ஒரு துண்டு கொண்டு வா, போதும்" என்றார் அம்மா.

அவர் அப்படிச் சொன்ன நேரத்தில் என்னிடம் இருந்த செடி பாதி ஆகியிருந்தது. என் அறையின் ஒரே ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருக்கிறது. எனக்கு இரவு ஷிஃப்ட். பகலில் திரையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குவேன். செடி, ஜன்னலில் இருந்து மூன்று மீட்டர் தள்ளி, மானிட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. புது இலைகள் சிறுத்துக்கொண்டே வந்தன. இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு நீண்டுகொண்டே போனது. இலைகளில் இருந்த மஞ்சள் கோடுகள் மங்கின. வாடுகிறதே என்று நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். 2024 ஜனவரியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் கறுத்து, கூழாகிப் போயிருந்தன.

வெயில் வேறு, வெளிச்சம் வேறு

முதலில் ஒரு அடிப்படை. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன? செடி காற்றில் இருந்து கார்பன் டை ஆக்சைடையும், வேர் வழியாகத் தண்ணீரையும் எடுத்து, ஒளியின் சக்தியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கிறது. இந்த வேலையில் மிஞ்சுவதுதான் ஆக்சிஜன். நாம் ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும் செடியின் சாப்பாடு அல்ல. அவை மூலப் பொருட்கள். சாப்பாட்டைச் செடி தானே சமைத்துக்கொள்கிறது. அந்த அடுப்புக்கு எரிபொருள் வெளிச்சம்.

இதைக் கண்டுபிடித்த கதை புரோகிராம் எழுதுபவர்களுக்குப் பிடிக்கும். 1771-ல் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவர்த்தி எரிந்து அணைந்து கெட்டுப்போன காற்றுள்ள ஜாடிக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாட்கள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தி மறுபடி எரிந்தது. ஆனால் இந்தச் சோதனை சில சமயம் பலித்தது, சில சமயம் பலிக்கவில்லை. காரணம் புரியவில்லை. டச்சு நாட்டு டாக்டர் யான் இங்கன்ஹவுஸ் நூற்றுக்கணக்கான சோதனைகள் செய்து 1779-ல் பதிலை வெளியிட்டார். செடியின் பச்சைப் பகுதிகள் வெளிச்சத்தில்தான் காற்றைச் சரி செய்கின்றன. இருட்டில் அவையும் நம்மைப் போலக் காற்றைக் கெடுக்கின்றன. வேலை செய்வது சூரியனின் சூடு அல்ல, ஒளி.

இங்கன்ஹவுஸ் சொன்ன அந்தக் கடைசி விஷயம்தான் வீட்டுச் செடிகளின் ரகசியம். இலையில் இருக்கும் பச்சையத்துக்கு, வந்து விழும் ஒளி சூரியனில் இருந்து நேராக வந்ததா, மேகத்தில் பட்டுச் சிதறி வந்ததா, எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்ததா, எல்.இ.டி. பல்பில் இருந்து வந்ததா என்பது தெரியாது. 400 முதல் 700 நானோமீட்டர் அலைநீளத்துக்குள் இருக்கும் ஒளித்துகள் எதுவாக இருந்தாலும் அது வாங்கிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே செடிக்கு நேர் வெயில் கட்டாயம் இல்லை. ஆனால் போதுமான அளவு வெளிச்சம் கட்டாயம்.

அப்படியானால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. நான் தவறு செய்ததும் அங்கேதான்.

நம் கண் சொல்வதை நம்ப வேண்டாம்

என் அறை இருட்டறை அல்ல. பகலில் திரையை விலக்கினால் விளக்கு போடாமலே பேப்பர் படிக்கலாம். அந்த வெளிச்சம் செடிக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன்.

மொபைல் கேமரா வெளியில் எடுக்கும் படத்தையும் அறைக்குள் எடுக்கும் படத்தையும் ஒரே மாதிரி பிரகாசமாகக் காட்டுகிறது அல்லவா? வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே சரி செய்துகொள்கிறது. நம் கண்ணும் அதையேதான் செய்கிறது. மங்கிய இடத்தில் கண்ணின் பாப்பா விரிகிறது, விழித்திரையின் உணர்வு கூடுகிறது. அதனால் வெளிச்சம் ஆயிரம் மடங்கு குறைந்தாலும் 'கொஞ்சம் மங்கல்' என்றுதான் நமக்குப் படும்.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். தெளிந்த நாளில் நண்பகல் நேர் வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். வெளியில் மர நிழலிலும் கட்டட நிழலிலும் அது சில ஆயிரங்களில் இருந்து 20,000 வரை இருக்கலாம். நல்ல அலுவலகத்தில் மேஜை மேல் 300 முதல் 500 லக்ஸ். வீட்டு அறையின் உள் மூலையில் 50 லக்ஸ் என்பது சாதாரணம்.

இலைக்கு இப்படிச் சரி செய்துகொள்ளும் வசதி இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி வந்தால் அதற்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

லேப்டாப்பும் மொபைல் சார்ஜரும்

லேப்டாப்பைப் பயன்படுத்திக்கொண்டே, அதை மொபைல் போனின் சின்ன சார்ஜரில் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சில லேப்டாப்களில் சார்ஜ் ஆவது போல அடையாளம் வரும். ஆனால் பேட்டரி குறைந்துகொண்டே போகும். லேப்டாப் 20 வாட் செலவழிக்கிறது, சார்ஜர் 10 வாட்தான் கொடுக்கிறது என்றால் வேறு என்ன நடக்கும்?

செடியும் அப்படித்தான். அது 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. அதாவது, சேர்த்து வைத்த சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போது வரவு, எப்போதும் செலவு. வரவும் செலவும் சரிசமமாகும் வெளிச்ச அளவை ஒளி ஈடுசெய் புள்ளி என்கிறார்கள். அதற்குக் கீழே போனால், ஒளிச்சேர்க்கை நடந்துகொண்டிருந்தாலும், செடி தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பகலில் அந்தப் புள்ளியைத் தொட்டால் மட்டும் போதாது. இரவுச் செலவுக்கும், புது இலைக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும்.

வெயிலில் வளரும் செடிகளுக்கு இந்தப் புள்ளி உயரத்தில் இருக்கிறது. நிழல் செடிகளுக்குத் தாழ்வாக இருக்கிறது. வீட்டுச் செடி என்று நாம் வைப்பவற்றில் பல, மழைக்காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளரும் இனங்கள். மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு. தரையில் படர்ந்து, மரம் கிடைத்தால் மேலே ஏறி, மேலே போகப் போக முறம் அளவுக்குக் கூட இலை விடக்கூடிய கொடி அது. நிழலில் வளரும் இலைகள் மெல்லியதாக, அகலமாக இருக்கும். வரும் ஒளியைப் பிடித்துச் சேர்க்கும் நிறமிகள் அவற்றில் விகிதத்தில் அதிகம். பராமரிப்புச் செலவும் குறைவு. சிக்கனமான குடும்பம் மாதிரி.

ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மழைக்காட்டின் தரைக்குக் கூட மேலே விழும் ஒளியில் 1 அல்லது 2 சதவீதம் வந்து சேர்கிறது. நண்பகலில் அது ஏறக்குறைய 1,000 லக்ஸ். இடையிடையே இலைச் சந்து வழியே வெயில் துண்டுகளும் விழும். என் டேபிளில் எவ்வளவு இருந்தது தெரியுமா?

மொபைல் போனில் அளந்து பாருங்கள்

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், முன்பக்கம் செல்ஃபி கேமராவின் அருகில் ஒரு ஒளி சென்சார் இருக்கிறது. வெயிலுக்குப் போனால் திரை தானாகப் பிரகாசமாவது இதனால்தான். அந்த சென்சார் காட்டும் எண்ணைப் படித்துச் சொல்ல இலவச லக்ஸ் மீட்டர் அப்ளிகேஷன்கள் ப்ளே ஸ்டோரில் நிறைய உள்ளன. ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் அளக்கும் அப்ளிகேஷனுக்கு உங்கள் கான்டாக்ட் பட்டியலோ எஸ்.எம்.எஸ். அனுமதியோ தேவையில்லை. கேட்டால், அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுங்கள்.

அளக்கும் முறை இதுதான். செடியின் இலை இருக்கும் இடத்திலேயே போனைத் திரை மேல் நோக்கி இருக்குமாறு வையுங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழாமல் தள்ளி நின்று எண்ணைப் படியுங்கள். ஜன்னல் பக்கம் சற்றே சாய்த்தும் ஒரு முறை பாருங்கள். போன் சென்சார் லேபரட்டரிக் கருவி அல்ல, முன்னே பின்னே இருக்கும். ஆனால் 60-க்கும் 3,000-க்கும் உள்ள வித்தியாசத்தை அது தவறாமல் காட்டும்.

என் அறையில், திரையை விலக்கிவிட்டு, ஒரு நண்பகலில் கிடைத்த எண்கள்:

ஜன்னல் திண்டில்: 3,500 லக்ஸ்
ஜன்னலில் இருந்து 1 மீட்டர்: 900
2 மீட்டர்: 250
3 மீட்டர், அதாவது கம்ப்யூட்டர் டேபிள்: 60

திரையை மூடினால் டேபிளில் ஒற்றை இலக்கம்தான். மழைக்காட்டுத் தரையை விட இருட்டான இடத்தில் செடியை வைத்துவிட்டு, நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போன் இல்லையா? உள்ளங்கையை இலைக்கு ஒரு அடி உயரத்தில் பிடியுங்கள். நிழலின் ஓரம் கூர்மையாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாக, விரல்கள் தெரியாமல் விழுந்தால் நடுத்தரம், நிழல் செடிகளுக்குப் போதும். நிழலே விழவில்லை என்றால் அந்த இடம் செடிக்கு அல்ல.

எக்செல்லில் ஒரு நாள் கணக்கு

ஒரு வேளை அளவை வைத்து முடிவு செய்ய முடியாது. நாள் முழுக்கச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எக்செல் இருந்தால் அதில், இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யலாம். புதிதாகக் கம்ப்யூட்டர் கற்பவர்களுக்கு நல்ல பயிற்சி இது.

1. முதல் நெட்டு வரிசையில் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை, மணிக்கு ஒன்றாக 12 நேரங்களை டைப் செய்யுங்கள்.

2. விடுமுறை நாளில் மணிக்கு ஒரு முறை லக்ஸ் அளந்து, பக்கத்து நெட்டு வரிசையில் அந்தந்த நேரத்துக்கு எதிரே எழுதுங்கள்.

3. கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள கட்டத்தில் கர்சரை வைத்து, ஆட்டோசம் பட்டனை அழுத்துங்கள். மொத்தம் வரும்.

4. அந்த மொத்தத்தை 54-ஆல் வகுங்கள். பிறகு 0.0036-ஆல் பெருக்குங்கள். வரும் விடை, ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளில் விழும் ஒளித்துகள்கள் எத்தனை 'மோல்' என்பது.

மோல் என்றதும் பயப்பட வேண்டாம். டஜன் என்றால் 12 என்பது போல, மோல் என்பதும் ஒரு எண்ணிக்கைதான். 6 போட்டுப் பக்கத்தில் 23 சைபர் போட்டால் ஏறக்குறைய அதுதான் மோல். 54 என்பது பகல் வெளிச்சத்துக்கு லக்ஸை ஒளித்துகள் எண்ணிக்கையாக மாற்றும் எண். வெள்ளை எல்.இ.டி. விளக்கானால் சுமார் 67-ஆல் வகுக்க வேண்டும். லக்ஸ் என்பது நம் கண்ணுக்காக ஏற்படுத்திய அலகு, இலைக்காக அல்ல. அதனால்தான் இந்த மாற்றம்.

என் கணக்கு இப்படி வந்தது. ஜன்னல் திண்டில் 12 அளவுகளின் மொத்தம் 27,000. விடை 1.8 மோல். டேபிளில் மொத்தம் 540. விடை 0.036 மோல். இரண்டுக்கும் 50 மடங்கு வித்தியாசம். நடந்தால் நாலைந்து எட்டு தூரம்! அதுவும் திரையை நாள் முழுக்க விலக்கி வைத்த கணக்கு.

தோராயமாக ஒரு விதி சொல்கிறேன். மணி பிளான்ட் போன்ற நிழல் செடிகள் தாக்குப் பிடிக்க ஒரு நாளைக்கு 1 மோலை ஒட்டியாவது வேண்டும். 3, 4 மோல் கிடைத்தால் நன்றாக வளரும். மொட்டை மாடியில் தெளிந்த நாளில் 40 மோலை ஒட்டிக் கிடைக்கும். ரோஜாவும் துளசியும் ஏன் வரவேற்பறையில் வாழ்வதில்லை என்பது இப்போது புரிகிறதா?

மானிட்டர் வெளிச்சம் போதாதா?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. இரவு முழுக்க மானிட்டர் எரிகிறதே! அளந்து பார்த்தேன். என் 24 அங்குல மானிட்டரில் வெள்ளைப் பக்கத்தைத் திரை முழுக்கத் திறந்து வைத்தால், நேர் எதிரே அரை மீட்டரில் சுமார் 100 லக்ஸ். செடி இருப்பதோ எதிரே அல்ல, பக்கவாட்டில். அங்கே 10 லக்ஸ் கூட இல்லை. நான் புரோகிராம் எழுதுவது கறுப்புப் பின்னணியில். அப்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. மானிட்டர் நம் கண்ணுக்கு வேலை செய்யும், இலைக்குச் செய்யாது.

ஆனால் சாதாரண எல்.இ.டி. பல்பு செய்யும், பக்கத்தில் வைத்தால். 9 வாட் வெள்ளை பல்பை டேபிள் லேம்ப்பில் மாட்டி அளந்தேன். 30 சென்டிமீட்டரில் சுமார் 2,000 லக்ஸ். 60 சென்டிமீட்டரில் 500. 120 சென்டிமீட்டரில் 130-க்கும் கீழே. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்று பிசிக்ஸ் புத்தகத்தில் படித்தோமே, அதேதான். அறையின் சீலிங்கில் எரியும் விளக்கு செடிக்குப் பயன்படாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

2,000 லக்ஸ் வீதம் 12 மணி நேரம் எரித்தால் நாளைக்கு சுமார் 1.3 மோல். மின்சாரச் செலவு மாதம் மூன்றேகால் யூனிட். ஊதா நிறத்தில் விற்கும் 'க்ரோ லைட்' கட்டாயம் இல்லை. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் அதிகம் உறிஞ்சுகிறது என்பது உண்மை. 1880-களில் ஜெர்மானிய விஞ்ஞானி எங்கல்மன், ஒரு பாசி இழை மேல் ஒளிக்கற்றையை நிறம் நிறமாகப் பிரித்து விழச் செய்து, ஆக்சிஜனைத் தேடி வரும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்ப்பதைக் காட்டினார். ஆனால் வெள்ளை எல்.இ.டி.யில் சிவப்பும் நீலமும் இருக்கின்றன. பச்சை ஒளியிலும் பெரும் பகுதியை இலை பயன்படுத்திக்கொள்கிறது.

கேட்டு ஏமாறாதீர்கள்

'ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்சிஜன் தரும்.' தவறு. நம் ஊர் மருள் செடியின் உறவு இது. வறட்சியில் தண்ணீரைச் சேமிக்க, இலைத்துளைகளை இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சர்க்கரை செய்வதும் ஆக்சிஜன் விடுவதும் மறுநாள் வெளிச்சம் வந்த பிறகுதான். மங்கிய இடத்தில் இது நீண்ட நாள் தாக்குப் பிடிக்கும், ஏனெனில் செலவு மிகக் குறைவு. ஆனால் சாகாமல் இருப்பது வேறு, வளர்வது வேறு.

'செடி அறைக் காற்றைச் சுத்தப்படுத்தும்.' 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வை வைத்துப் பரவிய பேச்சு இது. அந்தச் சோதனை மூடிய சிறு பெட்டிகளில் நடந்தது. 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கம்மிங்ஸும் வேரிங்கும் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமானால் ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்று தெரிந்தது. ஜன்னலைத் திறப்பது சுலபம்.

'கள்ளிச் செடி மானிட்டர் ரேடியேஷனை இழுத்துக்கொள்ளும்.' இழுக்காது. பாவம், கள்ளிக்கு வேண்டியது முழு வெயில். அதை மானிட்டர் பக்கத்தில் வைப்பது தண்டனை.

கம்ப்யூட்டருக்கும் ஆபத்து வரக் கூடாது

* தொட்டியை கேபினெட் மேலோ யூ.பி.எஸ். மேலோ வைக்காதீர்கள். ஸ்பைக் பஸ்டர் தொட்டிக்குக் கீழே இருக்கவே கூடாது. தொட்டிக்கு அடியில் தட்டு கட்டாயம்.
* தண்ணீர் தெளிக்க வேண்டுமானால் செடியை வேறு இடத்துக்கு எடுத்துப் போய்த் தெளியுங்கள்.
* கேபினெட்டின் பின்பக்க ஃபேன் விடும் சூடான காற்று இலை மேல் படாமல் தள்ளி வையுங்கள்.
* வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி தண்ணீரை மெதுவாகத்தான் இழுக்கும். விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். என் செடியைக் கடைசியாகக் கொன்றது இருட்டு கூட அல்ல, அந்த இருட்டில் நான் ஊற்றிய தண்ணீர்.
* பாட்டிலில் வளர்த்தால் வாரம் ஒரு முறை தண்ணீரை மாற்றிப் பாட்டிலையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அதில் முட்டையிடும்.
* நிழலில் இருந்த செடியைத் திடீரென்று வெயிலில் வைத்தால் இலை கருகும். சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

மீண்டது எப்படி?

அழுகாத தண்டில் மூன்று கணுக்கள்தான் மிச்சம் இருந்தன. மணி பிளான்ட்டுக்குக் கணு இருந்தால் போதும், அங்கிருந்து வேர் விடும். இரண்டு கணுக்கள் உள்ள துண்டை ஜன்னல் திண்டில் ஒரு பாட்டிலிலும், ஒரு கணுத் துண்டை டேபிளில் பல்புக்கு ஒரு அடி கீழே இன்னொரு பாட்டிலிலும் வைத்தேன். பல்புக்கு ஒரு டைமர் சாக்கெட் போட்டுப் பகல் 12 மணி நேரம் எரியவிட்டேன். தூங்குவதற்குக் கண்ணை மூடும் பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு, திரையைத் திறந்து வைத்தேன்.

மூன்றாவது வாரத்தில் ஜன்னல் துண்டு வேர் விட்டது. பல்புத் துண்டு இன்னும் பத்து நாள் எடுத்துக்கொண்டது. 1.8-க்கும் 1.3-க்கும் இருக்கும் வித்தியாசம் அதுவாக இருக்கலாம், கணு ஒன்று குறைவாக இருந்ததாகவும் இருக்கலாம். ஏப்ரலில் இரண்டிலும் புது இலை. முந்தைய இலைகளை விடப் பெரியது, மஞ்சள் கோட்டோடு.

2024 ஆவணியில் பால் காய்ச்சும் அன்று ஜன்னல் செடியில் இருந்து ஐந்து இலைத் துண்டு ஒன்றை ஈரத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இலை கொஞ்சம் சின்னதா இருக்கே, மெட்ராஸ்ல வெயில் இல்லையா?" என்றார். "வெயில் இருக்கும்மா. என் ரூமுக்குள்ளதான் வரலை" என்றேன். புது வீட்டில் எங்கே வைக்கலாம் என்று பேச்சு வந்தது. பூஜை அறைப் பக்கம் வைக்கலாம் என்றார் அப்பா. நான் போனை எடுத்து வீடு முழுக்க அளந்தேன். பூஜை அறை வாசலில் 40 லக்ஸ். பின்கட்டுத் தாழ்வாரத்தில், நேர் வெயில் படாத மூலையில், 4,000. கொடி இப்போது அங்கேதான் சுவர் ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் செடி இருக்கும் இடத்தை ஒரு முறை அளந்து பாருங்கள். எண் நூறுக்குக் கீழே இருந்தால் உரம் வாங்காதீர்கள், தண்ணீரைக் கூட்டாதீர்கள். தொட்டியை எடுத்து ஜன்னல் பக்கம் வையுங்கள், இல்லையென்றால் ஒரு பல்பைப் பக்கத்தில் மாட்டுங்கள்.